மரத்தில் கட்டும் முன்: சிங்கப்பூரில் டிரெயில் கேமரா வைக்க நினைப்பவர்களுக்கு

எங்கள் சமூகத் தோட்டத்துப் பப்பாளி பழுக்கும் நாளை எங்களைவிட நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று, இரவோடு இரவாக வந்து பாதிப் பழத்தைத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. எலிதான் என்றார் தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் சீன ஆன்ட்டி. மூசாங் என்றார் மூன்றாம் மாடி மலாய் அங்கிள். மூசாங் என்றால் நம் மரநாய். என் சின்ன மகனுக்கு உறக்கம் போனது. இணையத்தில் தேடி, வேட்டைக்காரர்களுக்காக அமெரிக்காவில் விற்கும் டிரெயில் கேமரா ஒன்றை வாங்கினேன். பெட்டியோடு வந்த கையேட்டில் சொன்னபடியே புளோக்குக்குப் பின்னால், கம்பி வேலி தாண்டி, காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தில் கட்டினேன். கேமராவுக்கு முன்னால் இரண்டு வாழைப்பழமும் வைத்தேன்.

நான்காம் நாள் கேமராவைக் காணவில்லை. கட்டியிருந்த இடத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் மட்டும் தொங்கியது. அதிலிருந்த எண்ணை அழைத்து, நேரில் போய் நின்றேன். அங்கிருந்த அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. மூன்றே கேள்விகள்தான் கேட்டார். இது யார் நிலம்? கேமராவின் நினைவக அட்டையில் யார் யார் படம் இருக்கிறது? அந்த வாழைப்பழத்தை வைத்தது யார்?

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அதன்பின் முறைப்படி அனுமதி வாங்கி அதே கேமராவைத் தோட்டத்துக்குள் வைக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. நீங்கள் அந்த மூன்று கேள்விக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

1. மரத்தைப் பார்க்காதீர்கள், நிலத்தைப் பாருங்கள்

டிரெயில் கேமரா என்றால் மரத்தில் கட்டிவைக்கும் சின்னப் பெட்டி. எதிரே உடல்சூடு உள்ள ஏதாவது அசைந்தால் தானாகவே படம் எடுக்கும். இதை வைத்திருக்க உரிமம் எதுவும் வேண்டாம். சிக்கல் முழுவதும் எங்கே கட்டுகிறோம் என்பதில்தான்.

யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று இந்தத் தீவில் ஒன்று கிடையாது. லாலாங் புல் மண்டிக் கிடக்கும் புறம்போக்கு போலத் தெரிவதற்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். எனவே முதல் வேலை, இடத்தை நில ஆணையத்தின் ஒன்மேப் வரைபடத்தில் துல்லியமாகக் குறித்துக்கொள்வது. நகர்ப்புறச் சீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் அதே இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டுமே இலவசம். நான் கட்டிய மரம் எங்கள் பேட்டையைச் சேர்ந்ததே அல்ல, வேலிக்கு அப்பால் அது அரசு நிலம் என்பது இந்த வேலையைச் செய்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. பத்தடி வித்தியாசம், கேட்க வேண்டிய ஆளே மாறிவிட்டார்.

யாரிடம் கேட்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கும் இயற்கை வனப்பகுதிகள். அங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கேமரா வைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பாதையை விட்டு விலகி நடந்தாலே 2,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. மரத்தடிக்குப் போவதே குற்றம் என்றால், கட்டுவதைப் பற்றித் தனியாகப் பேச என்ன இருக்கிறது? கழகம் கொடுக்கும் ஆய்வு அனுமதி, திட்டவட்டமான ஆராய்ச்சி செய்பவர்களுக்கானது. பல்கலைக்கழகம், பள்ளி, இயற்கை அமைப்பு என ஏதோ ஒன்றின் வழியாகப் போனால்தான் உங்கள் விண்ணப்பத்துக்கு எடை இருக்கும். "என் மகனுக்கு ஆசை" என்பது ஆய்வுத் திட்டம் ஆகாது. நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பூங்காக்கள், பூங்கா இணைப்புப் பாதைகள், பழைய ரயில் பாதைத் தடம் ஆகியவற்றுக்கும் அதே கழகத்தைத்தான் கேட்க வேண்டும். நீர்த்தேக்கக் கரை என்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தையும் கேளுங்கள். வெறும் அரசு நிலம் என்றால் சிங்கப்பூர் நில ஆணையம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைக்குள் இருக்கும் புல்வெளி, மரம், வெற்றுத்தளம் எல்லாவற்றுக்கும் நகர மன்றம். சமூகத் தோட்டம் என்றால் முதலில் தோட்டக் குழு, அடுத்து வசிப்போர் குழு, அதன்பின் நகர மன்றம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நான் நேராக நகர மன்றத்துக்கு எழுதினேன். வசிப்போர் குழுவுக்குத் தெரியுமா என்று கேட்டு அது திரும்பி வந்ததில் இரண்டு வாரம் வீண்.

கொண்டோவில் இருந்தால் அதன் நிர்வாகக் குழு. தரைவீட்டில் சொந்தத் தோட்டம் இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம், கேமரா பக்கத்து வீட்டைப் பார்க்காத வரை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2023 மே முதல் வீட்டு வாசலில் கண்காணிப்புக் கேமரா வைக்க முன் அனுமதி தேவையில்லை. ஆனால் அண்டை வீட்டாரின் கதவையோ சன்னலையோ அது நேராகப் பார்க்கக் கூடாது. மூசாங் தாழ்வாரக் குழாய் வழியாக ஏறி வருகிறது என்றால் இந்த வழி போதும், கீழே சொல்லும் பாதி வேலை மிச்சம்.

ஓர் எச்சரிக்கை. தீவின் மேற்கிலும் வடக்கிலும் காடுபோல் இருக்கும் இடங்களில் பெரும்பகுதி ராணுவப் பயிற்சி நிலம். நான்கு மொழிகளில் எழுதிய சிவப்புப் பலகை இருக்கும், தமிழும் அதில் உண்டு. எனக்குப் புரியவில்லை என்று நம்மில் யாரும் சொல்லித் தப்ப முடியாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் படம் எடுப்பதே தடை, 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ். அங்கே தானாகப் படம் எடுக்கும் பெட்டி ஒன்று மரத்தில் தொங்கினால் அதை மரநாய்க்காக வைத்தேன் என்று யாரை நம்பவைப்பீர்கள்?

2. அனுமதிக்கு முன் கேமரா வாங்காதீர்கள்

நான் தலைகீழாகச் செய்தேன். கேமரா அலமாரியில் ஆறு வாரம் தூங்கியது. அனுமதி கைக்கு வந்தபிறகு வாங்கினாலும் பத்து நாளில் வந்து சேர்ந்துவிடும்.

எனக்கு ஆன செலவு இது. கேமரா 118 வெள்ளி. 32 ஜிபி அட்டை 11. லித்தியம் ஏஏ பேட்டரி எட்டு, 26. கம்பி வடப் பூட்டு 19. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளும் அறிவிப்புத் தாளை லேமினேட் செய்ததும் சேர்ந்து 4. மொத்தம் 178 வெள்ளி. விலைப் பட்டியலில் 108 என்று போட்டிருந்தது, கட்டும்போது 118 ஆனது. 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 ஜனவரி முதல் வெளிநாட்டு இணையத் தளங்கள் பொருள் சேவை வரி வசூலிக்கின்றன, இப்போது 9 விழுக்காடு. கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று சிம் அட்டை போடும் வகையை வாங்கிவிடாதீர்கள். படத்தை உடனுக்குடன் கைப்பேசிக்கு அனுப்பும் என்பார்கள். பழைய மாடல்கள் 2ஜி அல்லது 3ஜியில் ஓடுபவை. இங்கே 2ஜி 2017 ஏப்ரலில் நின்றது, 3ஜியும் 2024-இல் விடைபெற்றது. 4ஜி மாடலாக இருந்தாலும் அமெரிக்க அலைவரிசைக்குச் செய்தது இங்கே முழுதாக வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. தவிர, சிங்கப்பூரில் பயன்படுத்தும் தொலைத்தொடர்புக் கருவி தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தில் பதிவானதாக இருக்க வேண்டும். அட்டையில் மட்டும் சேமிக்கும் சாதாரணக் கேமரா போதும். வாரம் ஒருமுறை நடந்துபோய் அட்டையை மாற்றுவது உடம்புக்கும் நல்லது.

இரவு வெளிச்சம் இரண்டு வகை. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு தூரம் போகும், ஆனால் இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, தூரம் சற்றுக் குறையும். அடுக்குமாடிப் பேட்டைக்கு 940 வாங்குங்கள். இருட்டில் சிவப்புக் கண் போல ஒன்று மினுங்கினால் இரவு நேரத்தில் நடக்கும் பெண்கள் பயப்படுவார்கள். யாரும் போலீசுக்குச் சொன்னால் அவர்கள்மேல் தப்பில்லை. வெள்ளை ஃபிளாஷ் அடிக்கும் வகை வேண்டவே வேண்டாம், விலங்கு மிரளும்.

மீண்டும் சார்ஜ் செய்யும் பேட்டரி 1.2 வோல்ட்தான் தரும். சில கேமராக்களில் பகலில் சரியாக ஓடி, இரவில் படம் கறுத்துவிடும். என்னுடையது அப்படித்தான். முதல் வாரம் முழுக்கக் கறுப்புப் படம். அதற்குப் பின்தான் லித்தியத்துக்கு 26 வெள்ளி கொடுத்தேன்.

3. அனுமதிக் கடிதம்

இதற்கென்று தனிப் படிவம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. மின்னஞ்சல்தான். முதல் கடிதத்தில் "தோட்டத்தில் கேமரா வைக்கலாமா?" என்று இரண்டு வரி எழுதினேன். ஒன்பது வேலை நாள் கழித்து ஏழு கேள்விகளோடு பதில் வந்தது. அந்த ஏழுக்கும் பதிலை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்த மரம் அல்லது கம்பம், தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம், எந்தத் திசையைப் பார்க்கும், எத்தனை மீட்டர் தூரம் வரை படம் விழும், தொடங்கும் தேதி, கழற்றும் தேதி, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஓடும். படங்களை யார் பார்ப்பார்கள், மனிதர் படம் விழுந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை நாளில் அழிப்பீர்கள். ஆணி அடிக்க மாட்டேன், தீனி வைக்க மாட்டேன் என்ற இரண்டு உறுதிமொழி. உங்கள் பெயர், புளோக், கைப்பேசி எண்.

இணைக்க வேண்டியவை நான்கு. ஒன்று, இடத்தைக் குறித்த வரைபடம். இரண்டு, கேமரா பார்க்கப்போகும் காட்சியின் படம். கேமரா இருக்கும் உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து எடுங்கள். இந்த ஒரு படம் பத்து வரி விளக்கத்துக்குச் சமம், அதில் யார் வீட்டுச் சன்னலும் தெரியவில்லை என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்கள். மூன்று, ஒட்டப்போகும் அறிவிப்பின் மாதிரி. நான்கு, தோட்டக் குழுவின் சம்மதக் கடிதம். எங்கள் ஆன்ட்டி சீனத்தில் கையால் எழுதிக் கொடுத்தார், அவர் மகள் கீழே ஆங்கிலத்தில் எழுதினாள், அது போதுமானதாக இருந்தது. அடையாள அட்டை நகலை யாரும் கேட்கவில்லை. கேட்காததை நீங்களாக அனுப்பாதீர்கள்.

இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை மட்டும் ஓடும் என்று எழுதியதுதான் என் விண்ணப்பத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். பகலில் பிள்ளைகள் விளையாடும் இடம் அது. பெரும்பாலான கேமராக்களில் இந்த நேரக் கட்டுப்பாடு அமைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது.

எனக்கு முப்பது நாள் அனுமதி கிடைத்தது. கட்டணம் கேட்கவில்லை. ஜூன் விடுமுறையில் பிள்ளைகளோடு செய்ய நினைப்பவர்கள் மார்ச் விடுமுறையிலேயே கடிதத்தை அனுப்பிவிடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை கேட்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கண்ணாடியில் நீர்த்துளியைத் தவிர வேறொன்றும் படத்தில் விழாது.

4. கட்டும் நாள்

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், திருகு போடாதீர்கள். கேமராவோடு வரும் நாடா போதும். பட்டை நசுங்காமலிருக்க நாடாவுக்கு அடியில் ஒரு துண்டு ரப்பர் வைக்கலாம். வழியில் நிற்கும் செடியை வெட்டி இடம் பண்ணாதீர்கள், அது உங்கள் செடி அல்ல.

கையேட்டில் இடுப்பு உயரம் என்று போட்டிருக்கும். அது மானுக்கான கணக்கு. நமக்கு வரப்போவது மரநாய், எலி, உடும்பு. 40 சென்டிமீட்டரில் கட்டுங்கள். கேமரா வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். நாம் பூமத்தியரேகைக்கு ஒட்டியே இருக்கிறோம், கிழக்கு மேற்காக வைத்தால் காலையிலும் மாலையிலும் சூரியன் நேராகக் கண்ணாடியில் இறங்கும்.

இங்குள்ள வெயிலைப் பற்றி எந்தக் கையேடும் சொல்லாது. கேமரா பார்ப்பது சூட்டின் வித்தியாசத்தை. பனி கொட்டும் ஊரில் விலங்கு விளக்குப் போல் தனித்துத் தெரியும். நம் ஊரில் பிற்பகல் 32, 33 பாகையில் சுவரும் தரையும் விலங்கின் தோல் அளவுக்கே சூடாகிவிடும். அப்போது எதிரில் உடும்பு ஊர்ந்து போனாலும் கேமரா விழிக்காது. வெயிலில் காய்ந்த இலை காற்றில் ஆடினால் மட்டும் நூறு படம் எடுக்கும். இரவில் மட்டும் ஓடிய என் கேமராவிலும் ஓர் அட்டையில் 1,140 படங்கள், அதில் 1,100-க்கு மேல் பப்பாளி இலை. எதிரே ஆடும் இலை இல்லாத கோணமாகத் தேடிக் கட்டுங்கள், சென்சார் உணர்திறனை நடுத்தரத்தில் வையுங்கள்.

தேதியையும் மணியையும் சரிபாருங்கள். அமெரிக்கக் கேமராவில் மாதம் முன்னால் வரும். ஐந்தாம் தேதி ஏப்ரலா, நான்காம் தேதி மே மாதமா என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்டிக்குள் சிலிக்கா பையைப் போடுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். எறும்பு குடிபுகும். என் கேமராவின் பேட்டரி அறையில் ஒரு வாரத்தில் முட்டையோடு ஒரு குடும்பமே இருந்தது.

அறிவிப்பைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே கட்டாதீர்கள். ஆள் அதன் எதிரில் வருவதற்கு முன்பே, நடைபாதை முனையில் கண்ணில் படும்படி வையுங்கள். நான்கு மொழியிலும் போட்டேன்: இங்கே விலங்குகளைப் படமெடுக்கும் கேமரா இருக்கிறது, இரவு ஏழு முதல் காலை ஏழு வரை, இன்ன தேதி வரை, அனுமதி கொடுத்தவர் யார், கேள்வி இருந்தால் இந்த எண். அறிவிப்பைப் பார்த்துத் திருடிவிட மாட்டார்களா என்று என் கணவர் கேட்டார். அதற்குத்தான் 19 வெள்ளிப் பூட்டு. முதல் தடவை அறிவிப்பில்லாமல் மறைத்து வைத்ததுதான் காணாமல் போனது என்று பதில் சொன்னேன்.

5. தீனி வேண்டாம், உப்பும் வேண்டாம்

வேட்டைக் கேமராவின் கையேடு தீனி வைக்கச் சொல்லும், உப்புக்கட்டி வைக்கச் சொல்லும். இங்கே வனவிலங்குக்கு வேண்டுமென்றே உணவு கொடுப்பது வனவிலங்குச் சட்டத்தின்கீழ் குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரை, மறுமுறை 10,000 வெள்ளி வரை அபராதம். பூங்காவில் மட்டும் அல்ல, உங்கள் புளோக்கின் அடியிலும்தான். கேமராவுக்கு முன்னால் வைத்தது இரண்டே இரண்டு வாழைப்பழம் என்றாலும் உணவு உணவுதான். போதாக்குறைக்கு யார் வைத்தார் என்பதை என் கேமராவே படமெடுத்து வைத்திருந்தது.

தோட்டத்தில் தானாகப் பழுக்கும் பப்பாளியைப் பார்த்துக் கேமரா வைப்பது வேறு. ஆனால் விழுந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டுவைத்துக் காத்திருப்பது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். நான் தினமும் பொறுக்கினேன்.

எந்த விலங்கு என்று தெரிந்தபிறகு கூண்டு வாங்கிப் பிடிக்கலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். அதுவும் அனுமதியில்லாமல் செய்யக்கூடாதது. தொல்லை பொறுக்க முடியவில்லை என்றால், அடிபட்ட விலங்கைப் பார்த்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். எங்கள் தோட்டத்தில் பழத்துக்குக் கம்பிவலைப் பை கட்டினோம். அதோடு பாதித் தொல்லை போனது.

6. அட்டையில் மனிதர்கள்

நாற்பதுக்கும் குறைவான உண்மையான படங்களில் மரநாய் ஏழு இரவு வந்திருந்தது. எலியும் வந்திருந்தது. ஆக ஆன்ட்டி சொன்னதும் சரி, அங்கிள் சொன்னதும் சரி. மகன் அன்று பள்ளிக்குப் போக மறுத்தான்.

கூடவே இன்னொரு படமும் இருந்தது. அதிகாலை ஐந்தேகாலுக்கு ஒரு பெரியவர், கையில் துணிப்பை, தலைக்குமேல் கை நீட்டி ஒரு பழத்தைப் பறிக்கிறார். மறுவாரமும் அவரே. எங்கள் தோட்டக்காரர்களில் ஒருவர்தான், முகம் தெளிவாகத் தெரிகிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

என்ன செய்வது? தோட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஐந்தே நிமிடத்தில் பேட்டை முழுவதும் பரவும். நான் அனுமதி வாங்கியது விலங்குகளைப் பார்க்க. மனிதர் படம் விழுந்தால் அழிப்பேன் என்று என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அழித்தேன், யாரிடமும் பெயரைச் சொல்லவில்லை. பழத்தை எல்லாருக்கும் பங்கு வைக்கும் நாள் எது என்று ஒரு பலகை மட்டும் தோட்டத்தில் மாட்டினோம். நான் செய்தது சரியில்லை என்று என் கணவர் இன்றுவரை சொல்கிறார். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

சட்டப்படி பார்த்தால், தனிமனிதர் தன் சொந்தக் காரியத்துக்காக எடுப்பதைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் அமைப்பின் பெயரில் வைத்தால் அந்தச் சட்டம் வந்துவிடும், படம் எடுக்கப்படுவதை ஆள்களுக்குத் தெரியப்படுத்தும் கடமையும் கூடவே வரும். தோட்டக் குழு, கோவில், பள்ளி எதுவானாலும் அப்படித்தான். தனிமனிதரானாலும் ஒருவரைத் தொடர்ந்து கண்காணிப்பது தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் மாட்டும். உடைமாற்றும் இடம், கழிவறைப் பக்கம் கேமரா திரும்பியிருந்தால் அது குற்றவியல் வழக்கு. விலங்குக்கு வைத்தது, தவறுதலாகத் திரும்பிவிட்டது என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதபடி கட்டுங்கள்.

சின்னக் காட்டுத் துண்டுகளில் இரவில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் விடுதியில் தனிமை கிடைக்காத வெளிநாட்டு ஊழியர்கள், வீட்டில் தனியிடம் இல்லாத இளசுகள். வாரம் ஒருமுறை அட்டையைத் தனியாக, வீட்டில் யாரும் பின்னால் நிற்காத நேரத்தில் பாருங்கள். மனிதர் படத்தை முதலில் அழித்துவிட்டுப் பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஒரே விதிவிலக்கு, கண்ணியோ வலையோ வைப்பவர் படத்தில் விழுந்தால். அதை அழிக்காதீர்கள், பரப்பாதீர்கள், கண்ணியைத் தொடாதீர்கள். மேலே சொன்ன எண்ணை அழைத்து ஒப்படையுங்கள்.

7. படத்தை ஊருக்குக் காட்டும் முன்

சிங்கப்பூரில் வேட்டைக்காலம் என்று ஒன்று இல்லை. ஆனால் பறவை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரா-ஹெடட் புல்புல், ஷாமா போன்ற பாடும் பறவைகளுக்குச் சந்தை உண்டு. எறும்புதின்னியான அழுங்கின் செதிலுக்கும் உலகம் முழுக்கச் சந்தை உண்டு. எனவே மரநாய், உடும்பு, குரங்கு என்றால் தாராளமாகப் போடுங்கள். அழுங்கோ சருகுமானோ கூடுகட்டிய பறவையோ விழுந்தால் இடத்தைச் சொல்லாதீர்கள். டிரெயில் கேமராவில் பெரும்பாலும் ஜிபிஎஸ் கிடையாது. ஆனால் கட்டிய மரத்தைக் கைப்பேசியில் எடுத்த படத்தில் இருக்கும், பின்னணியில் தெரியும் புளோக் எண்ணும் காட்டிக்கொடுக்கும். பார்த்த உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுவதென்றால் இடத்தை மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

காட்டுப் பாதையில் வேறு யாருடைய கேமராவாவது கண்ணில் பட்டால் கைவைக்காதீர்கள். அனேகமாக அது அனுமதி பெற்ற ஆய்வாக இருக்கும். புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே 2013-இல் கட்டிய விலங்குப் பாலத்தை எந்த விலங்கு கடக்கிறது என்று தெரிவதே இத்தகைய கேமராக்களால்தான்.

8. கேமராவைப் பெட்டியில் போட்டு வெளிநாடு கொண்டுபோனால்

அமெரிக்காவில் படிக்கும் மகனுக்கோ, அங்கே வேட்டைக்குப் போகும் நண்பருக்கோ இதைப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் இருந்தால், அங்கும் இது கட்டுப்பாடில்லாத பொருள் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரிசோனாவில் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா வைப்பதே தடை. வறண்ட நிலத்தில் நீர்க்குட்டை ஒவ்வொன்றைச் சுற்றியும் கேமரா முளைத்து, தண்ணீருக்கு வரும் விலங்குக்கு ஒளிய இடமில்லாமல் போனது ஒரு காரணம். யூட்டாவில் பொது நிலத்தில் ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை பெருவிலங்கு வேட்டைக்கு அதைப் பயன்படுத்த முடியாது. நெவாடாவில் பொது நிலத்தில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை தடை, படத்தை உடனே அனுப்பும் வகைக்கு ஜூலை 1-லேயே தொடங்கிவிடும். விலங்குக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்று வேட்டைக்காரர்களுக்குள்ளேயே எழுந்த வாதம்தான் இதற்கெல்லாம் பின்னணி. மான் எந்த நிமிடம் எந்த மரத்தடியில் நிற்கிறது என்று கைப்பேசி சொல்லி, போய்ச் சுடுவதற்குப் பெயர் வேட்டையா? மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், ஆண்டுதோறும் திருத்துவார்கள். கிளம்பும் முன் அந்த மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

ஜோகூருக்குக் கொண்டுபோகிறவர்கள் அங்குள்ள வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை முன்கூட்டியே கேளுங்கள். தோட்ட உரிமையாளர் நண்பர் என்பது மட்டும் போதாது.

9. கழற்றும் நாள்

கடிதத்தில் எழுதிய தேதிக்கு ஒருநாள் முன்னதாகவே கழற்றுங்கள். நாடா, பூட்டு, அறிவிப்பு எல்லாவற்றையும் எடுத்தபின் அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து, "கழற்றிவிட்டேன், மரத்துக்குச் சேதமில்லை" என்று ஒரு வரியோடு அனுமதி கொடுத்தவருக்கு அனுப்புங்கள். நான் மரநாய் படம் மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். அன்றே பதில் வந்தது, இத்தனை வாரத்தில் முதல்முறையாக.

நீட்டிப்பு வேண்டுமென்றால் முடியும் தேதிக்குப் பத்து வேலை நாள் முன்பே கேளுங்கள், பழைய மின்னஞ்சலுக்குக் கீழேயே எழுதுங்கள். புதிதாக எழுதினால் புது அதிகாரி கையில் விழுந்து, அந்த ஏழு கேள்விகளும் மறுபடி வரும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கேமராவைச் சிலிக்கா பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மூடும் முன் எறும்பு இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள்.